காலில்லாப் பறவையின் கால்

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிற யாரும் நேராக உள்ளே வருவதில்லை. முன்னால் என் அண்ணனின் ஜெராக்ஸ் கடை, பின்னால் அண்ணியின் துப்பறியும் அறை, நடுவில் ஒரு திரை. வருகிறவர்கள் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் நகலெடுத்துக்கொண்டு, தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டு, பிறகுதான் திரையை விலக்குவார்கள். அண்ணிக்கு இதில் வருத்தம். அண்ணனுக்கு வியாபாரம்.

அன்று காலை வந்த அம்மாள் நகலும் எடுக்கவில்லை, நோட்டமும் விடவில்லை. அவர் இழுத்த இழுப்பில் திரை கம்பியோடு கையில் வந்துவிட்டது. அதை என் மடியில் போட்டுவிட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீதான் துப்பறியற பொண்ணா?"

"ஆமாம்மா."

"இது யாரு?"

"என் கொழுந்தன். எனக்கு உதவியா இருக்கான்."

"உதவியாத்தான் இருக்கானா?"

"சில நாள் இருப்பான்," என்றார் அண்ணி.

நான் திரையை மடித்து வைத்தேன். இந்த வீட்டில் எனக்கு மரியாதை என்பது மின்சாரம் மாதிரி. எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

அம்மாள் விஷயத்துக்கு வந்தார். அவர் மியூசியத்தில் டிக்கெட் கொடுப்பவர். அவருடைய மருமகள் அதே மியூசியத்தில் பறவைகள் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற காப்பாளர். பிரிவிலேயே விலைமதிப்பில்லாத பறவை ஒன்று காணாமல் போய்விட்டது. முந்தின நாள் இயக்குநர் மாடி ஹாலில், ஊழியர்கள் அத்தனை பேர் முன்னாலும் மருமகளைத் திருடி என்று சொல்லிவிட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பறாங்களாம். போலீசுக்கும் எழுதப் போறாங்களாம். நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. அவ திருடல."

"மருமகமேல அவ்வளவு நம்பிக்கையா?"

"எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அது வேற," என்றார் அம்மாள். "அவ என் கண்ணுக்குத் தெரியாம சர்க்கரை டப்பாவை ஒளிச்சு வைக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கா. எங்க வச்சாலும் அரை நிமிஷத்துல எடுத்துடுவேன். ஒரு டப்பாவை ஒளிக்கத் துப்பில்லாதவ, முழம் நீள இறகு வச்ச பறவையை எங்கம்மா ஒளிப்பா?"

அண்ணி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். கேஸை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

பறவைகள் பிரிவு என்றதும் நான் கண்ணாடிப் பெட்டிக்குள் கழுகு சிறகை விரித்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் கீழ்த்தளத்தில், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. மாடியில் இருந்தது வெறும் மர டிராயர்கள். ஒன்றை இழுத்தால் கிளிகள் வரிசையாக மல்லாந்து படுத்திருக்கின்றன. உடம்புக்குள் பஞ்சு, கண் இருக்கும் இடத்திலும் பஞ்சு. இரண்டு கால்களையும் குறுக்காக மடக்கி நூலால் கட்டி, அந்த நூலிலேயே பெயர்ச் சீட்டையும் முடிந்திருந்தார்கள்.

"பிணவறையிலகூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது அண்ணி," என்றேன்.

"தொடாதே," என்றார் அண்ணி.

மருமகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். சின்ன வயது. கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எனக்குப் பாவமாக இருந்தது.

"காணாமப் போனது என்ன பறவைம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"சொர்க்கப் பறவை மேடம். ரொம்பப் பழைய தோல், கப்பல்ல வந்தது. அந்தக் காலத்துல தீவுல வேட்டையாடறவங்க காலை நறுக்கிட்டுத்தான் காய வைப்பாங்க. அவங்களுக்கு இறகுதானே முக்கியம். வாங்கின ஊர்க்காரங்க பார்த்தாங்க, காலே இல்லை. உடனே ஒரு கதை கட்டிட்டாங்க. இது தரையிலயே இறங்காது, காத்துலயே பிறந்து காத்துலயே செத்துப் போகும்னு. அந்த மாதிரி காலில்லாத பழைய தோல் உலகத்துல ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு."

"நீங்க அதைப் பார்த்திருக்கீங்களா?"

"அதான் கொடுமை. பார்த்ததே இல்லை." அவள் டிராயரை இழுத்துக் காட்டினாள். "இங்க ஒரு வழக்கம் இருக்கு. பொறுப்பு மாறும்போது போறவர் எடுத்துக் காட்டணும். வெளியாள் ஒருத்தர் சாட்சியாப் பார்க்கணும். எல்லாம் இருக்குன்னு அவர் சொன்னா, வர்றவங்க ஏத்துக்கிட்டுச் சாவியை வாங்கணும். பழைய காப்பாளர் காட்டினார், லத்தீன் வாத்தியார் பார்த்தார், நான் சாவியை வாங்கினேன். நேத்து ஒரு ஆராய்ச்சியாளர் அந்தப் பறவையைப் பார்க்க வந்தாங்க. முதல் தடவையா டிராயரைத் திறக்கறேன். காலி."

"ருசி பார்க்கறது ஒருத்தர், பில் கட்டறது இன்னொருத்தரா? நல்ல வழக்கம்!" என்றேன்.

அண்ணி அந்தக் காலி டிராயருக்குள் தலையையே விட்டுவிட்டார். வெளியே வந்தபோது கண்ணில் நீர். அந்துருண்டை நெடி. மற்ற டிராயர்களில் அந்துருண்டைகள் கரைந்து பட்டாணி அளவுக்கு இளைத்திருந்தன. இதில் மட்டும் புத்தம்புது உருண்டைகள் நாலு மூலையிலும் பளபளத்தன. பலகையைக்கூடச் சோப்புப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது.

"இதை நீங்க சுத்தம் பண்ணீங்களா?"

"இல்லை மேடம்."

அண்ணி அதற்குக் கீழ் டிராயரை இழுத்தார். அதிலும் சொர்க்கப் பறவைகள், பிற்காலத்தில் வந்தவை. மஞ்சள் இறகுகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன.

"இதுங்களும் அதே இனம்தானா?"

"அதே இனம்தான். இதெல்லாம் சாதாரணம், எல்லா மியூசியத்துலயும் இருக்கும்."

அண்ணி டிராயரை மூடினார். "தம்பி, வா. சாட்சியைப் பார்த்துட்டு வருவோம்."

லத்தீன் வாத்தியார் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தார். உயிரினங்களுக்கு லத்தீனில் பெயர் வைக்கிறவர்கள், வைத்த பெயர் சரியா என்று கேட்டு அவரிடம்தான் வருவார்களாம். அறையில் நாற்காலி ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் அகராதி. நான் ஒரு அகராதியின் மேல் உட்காரப் போனேன். அவர் பார்த்த பார்வையில் நின்றுகொண்டேன்.

"சார், அந்தப் பறவையோட பேர் என்ன?" என்று அண்ணி பணிவாகத் தொடங்கினார்.

அவ்வளவுதான். மனிதர் மடை திறந்துவிட்டார்.

"பாரடீசியா அபோடா! ரெண்டு சொல். முதல் சொல் பேரினம், ரெண்டாவது சிற்றினம். பாரடீசியாவோட வேர் எங்க இருக்குன்னு நினைக்கறீங்க? பழைய ஈரானிய மொழியில. மதில் கட்டின தோட்டம்னு அர்த்தம். அது கிரேக்கத்துக்குப் போச்சு, லத்தீனுக்கு வந்துச்சு, வந்து சேர்றதுக்குள்ள சொர்க்கம் ஆயிடுச்சு."

"மதில் கட்டினா இடத்தோட மதிப்பு ஏறத்தானே செய்யும்," என்றேன்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "அபோடா கிரேக்கத்துல இருந்து வந்தது. 'அ'ன்னா இல்லை. 'போத்'ன்னா கால். சேர்த்தா காலில்லாதது. ஆனா அழகு எங்க இருக்குன்னா, கடைசியில வர்ற அந்த 'ஆ'வுல இருக்கு. பாரடீசியா பெண்பால். அதனால பின்னாடி வர்ற அடைமொழியும் பெண்பாலாத்தான் வரணும். முதல் சொல் ஆண்பாலா இருந்தா அபோடஸ். ரெண்டுங்கெட்டான் பாலா இருந்தா அபோடம்."

"'அவ வந்தான்'னு நாம சொல்ல மாட்டோமே, அந்த மாதிரியா?"

வாத்தியார் முதல் தடவையாக என்னை மனிதனாக மதித்தார். "அதே மாதிரிதான்!"

"அப்போ டிராயர்ல படுத்திருக்கறது ஆண் பறவையா இருந்தா?"

"அப்பவும் அபோடாதான். ஆணா பெண்ணாங்கறது பறவையோட கவலை. பேருக்குத் தனிப் பால்."

அண்ணி மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். "பொறுப்பு மாறின அன்னைக்கு அந்தப் பறவையை உங்க கண்ணால பார்த்தீங்களா சார்?"

"கண்ணால மட்டுமா? கையிலயே வாங்கினேன். எனக்கு முழங்கால் மடங்காது. அதனால ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தாங்க. பழைய காப்பாளர் முக்கியமான பறவைகளை ஒவ்வொண்ணா எடுத்துவந்து என் கையில வச்சார். நான் சீட்டைத் திருப்பிப் படிச்சேன். மத்ததுல நிறைய விகுதிப் பிழை, ரத்தம் கொதிச்சுப் போச்சு. இது ஒண்ணுதான் சுத்தமா இருந்தது. சீட்டு நூல்ல சுத்திச் சிக்கிக்கிட்டிருந்தது, நானே பிரிச்சு விட்டேன். பாரடீசியா அபோடா. பெண்பாலுக்குப் பெண்பால். மனசு குளிர்ந்துடுச்சு."

"கோர்ட்ல கேட்டாலும் இதையே சொல்வீங்களா?"

"எந்த கோர்ட்ல வேணும்னாலும் சொல்வேன்."

படியிறங்கும்போது எனக்குத் தாங்கவில்லை. "அண்ணி, ஆள் அண்டப் புளுகன். இவ்வளவு துல்லியமா ஒருத்தனுக்கு ஞாபகம் இருக்குமா? இவரும் பழைய காப்பாளரும் கூட்டு. இல்லைன்னா அந்தப் பொண்ணுதான் எடுத்திருக்கணும்."

"அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல," என்றார் அண்ணி.

"அப்போ பறவை அன்னைக்கு இருந்திருக்கு. நம்ம கட்சி தோத்துச்சு."

"வாயை மூடிக்கிட்டு அவருக்கு ஒரு ஆட்டோ பிடி. சாயங்காலம் அவரும் மியூசியத்துக்கு வரணும்."

சாயங்காலம் பறவைகள் பிரிவில் இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் பழைய காப்பாளர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்லும் நல்ல மனிதர். இவரையா அண்ணி சந்தேகிக்கிறார் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. மருமகள் சுவரோடு சுவராக நின்றாள்.

"அன்னைக்கு நடந்த மாதிரியே இன்னொரு தடவை செஞ்சு பார்த்துடலாம்," என்றார் அண்ணி. "சார் அதே ஜன்னலோரம் உட்காரட்டும். எடுத்துக் கொடுக்கற வேலையை என் கொழுந்தன் செய்வான்."

"எதுக்கு இந்த விளையாட்டு?" என்றார் பழைய காப்பாளர். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"விளையாட்டுதானே சார், விளையாடிட்டுப் போவோம்."

நான் ஒரு கிளியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். வாத்தியார் சீட்டைத் திருப்பினார், விகுதியைப் பார்த்து முகம் சுளித்தார், திருப்பிக் கொடுத்தார். அடுத்து ஒரு ஆந்தை, பிறகு ஒரு மீன்கொத்தி. ஒன்றின் முகத்தையாவது அவர் பார்க்க வேண்டுமே! ஜன்னல் வெளிச்சத்துக்குச் சீட்டைத் திருப்புவதும் வாய்க்குள் முணுமுணுப்பதுமாக இருந்தார்.

அண்ணி கண்ணைக் காட்டினார். நான் கீழ் டிராயரில் இருந்து, அண்ணி முன்பே பார்த்துக் குறித்து வைத்திருந்த ஒரு சாதாரணச் சொர்க்கப் பறவையை எடுத்துப்போய் அவர் கையில் வைத்தேன். அவர் நூலை நிமிண்டினார், சீட்டைத் திருப்பினார், முகம் மலர்ந்தது.

"பாரடீசியா அபோடா! இதேதான்! எங்க கிடைச்சுது?"

இயக்குநர் ஓடிவந்தார். மருமகள் மட்டும் அசையவில்லை. அவள் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாப் பாருங்க சார். அதே சீட்டுதானா?" என்றார் அண்ணி.

"சீட்டும் அதுதான், முடிச்சும் அதுதான். நான் பிரிச்சு விட்ட இடம்கூடத் தெரியுது."

"பேருக்கு என்ன அர்த்தம்னு சொன்னீங்க?"

"காலில்லாதது."

"இப்போ அதை எதைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கறீங்க?"

வாத்தியார் குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு கால் இருந்தது. உலர்ந்த, நகத்தோடு கூடிய, நல்ல கனமான கால். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கால். இரண்டையும் சேர்த்துக் கட்டிய நூலில் இருந்துதான் காலில்லாதது என்ற பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அன்னைக்கும்..." என்றார் அவர் மெதுவாக. "அன்னைக்கும் இதைத்தான் என் கையில வச்சார்."

"ஆமா சார். நீங்க பொய் சொல்லல. சீட்டு நூல்ல சிக்கியிருந்ததுன்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சு. இங்க நூலைக் கட்டறதே கால்லதான். சார் பேரைப் பார்ப்பார், பறவையைப் பார்க்க மாட்டார்னு ஒருத்தருக்கு நல்லாத் தெரியும்." அண்ணி பழைய காப்பாளர் பக்கம் திரும்பினார். "காலில்லாதது அன்னைக்கே டிராயர்ல இல்லை. அதனால கால் உள்ளதைக் காட்டிட்டு, பழையபடி கீழ வச்சிட்டீங்க. சாவி இந்தப் பொண்ணு கைக்கு வரும்போது டிராயர் காலி. எவ்வளவுக்கு வித்தீங்க?"

பழைய காப்பாளர் ஓரடி முன்னால் வந்தார்.

"விக்கறதா? நானா? என் பிள்ளைகளைக்கூட நான் இவ்வளவு பத்திரமா வளர்க்கல! விக்கறவன் நான் இல்லை. பூச்சி தின்னுடுச்சு!"

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அந்துருண்டை மாத்த ஒரு தடவை மறந்துட்டேன். ஒரே ஒரு தடவை. அடுத்துத் திறந்தப்போ தூசியும் நாலஞ்சு இறகும்தான் மிச்சம். என் பிரிவு உபசாரத்துக்கு அதுக்குள்ள பேனர் அடிச்சுட்டாங்க. ஓர் இறகும் உதிராத முப்பது ஆண்டுகள்னு. நான் என்ன செய்வேன்? மேடையில ஏறி, முழுப் பறவையும் உதிர்ந்துடுச்சுன்னு சொல்லவா?"

"விக்கலைன்னு எனக்கும் தெரியும்," என்றார் அண்ணி. "வித்தவர் டிராயரைத் தேய்ச்சுக் கழுவிப் புது உருண்டை போட மாட்டார். உங்க வாயாலேயே வரணும்னுதான் அப்படிக் கேட்டேன்."

அவர் மருமகளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் தன் பேனரைக் காப்பாற்ற ஒரு பெண்ணைத் திருடியாக்கிவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் அடங்கச் சில நாள் ஆயிற்று.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "சரி. இதை இந்த அறையோட முடிச்சுக்கலாம். பெரிய மனுஷர், ஓய்வு பெற்றவர். காப்பாளர் அவங்க வேலையைப் பார்க்கட்டும். வெளியில யாரும் எதுவும் பேச வேண்டாம். நாளடைவுல எல்லாரும் மறந்துடுவாங்க."

"எங்க பேர் வைக்கற விஷயத்துலயும் அதான் வழக்கம்," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்தபடி. "இந்தப் பறவைக்குக் கால் இருக்குன்னு அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆனா பேரை மாத்தல. விகுதி தப்பினா திருத்துவோம். அர்த்தம் தப்பினா விட்டுடுவோம். ஒரு தடவை வச்ச பேர் நிலைக்கணும்ங்கறது விதி."

"பொய் சொல்லலாம், இலக்கணம் மட்டும் தப்பக் கூடாதா?" என்றேன்.

அப்போதுதான் மருமகள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள்.

"பறவைக்கு அந்தப் பேர் காதுல விழாது சார். நீங்க எனக்கு வச்ச திருடிங்கற பேர் எனக்கு விழுது. காலையில மாடிப்படி ஏறும்போது விழுந்துச்சு. தண்ணி குடிக்கப் போனப்போ விழுந்துச்சு." அவள் இயக்குநரை நேராகப் பார்த்தாள். "ஹால்ல எல்லார் முன்னாடியும் வச்சீங்க. அதே ஹால்ல எல்லார் முன்னாடியும் எடுங்க. எடுக்காம நான் இங்க ஒரு டிராயரைக்கூடத் தொட மாட்டேன்."

இயக்குநர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார். வாத்தியார் மேசையைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முழங்காலோடு எழுந்து நின்றார்.

"நான் வர்றேன். கால் உள்ளதைப் பார்த்துட்டு எல்லாம் இருக்குன்னு சொன்ன முட்டாள் நான்தான்னு நானே சொல்றேன். வாங்க."

மியூசியம் மூடுகிற நேரம். ஹாலில் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், எழுத்தர்கள் என்று எல்லாரும் கூடியிருந்தார்கள். கடைசியாக வெளியேறிக்கொண்டிருந்த பார்வையாளர்கள் சிலரும் படியில் நின்றுவிட்டார்கள். அம்மாள் தன் டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு மாடிக்கு வந்து, ஹாலின் கடைசியில் கைப்பையை இடுக்கிக்கொண்டு நின்றார். வாத்தியார் தன் பங்கைச் சொல்லி முடித்தார். பழைய காப்பாளர் தூணைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

இயக்குநர் தன் காலர் பொத்தானிடம் ரகசியம் பேசுவது போல் ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன?" என்றார் அம்மாள் கடைசியிலிருந்து. "காது கேக்கல."

டிக்கெட் வரிசையில் எந்தப் பெற்றோர் அரை டிக்கெட்டுக்காகக் குழந்தையின் வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பதை அவர்கள் கிசுகிசுப்பிலேயே கண்டுபிடிக்கிற காது அது. இயக்குநருக்கும் அது தெரியும். அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"காப்பாளர்மேல எந்தத் தப்பும் இல்லை."

"எந்தக் காப்பாளர்? இங்க ரெண்டு பேர் நிக்கறாங்களே."

காவலர் ஒருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார். இயக்குநரின் முகம் சிவந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, படியில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"உங்க மருமக திருடல! நான் சொன்னது தப்பு! மன்னிப்புக் கேட்டுக்கறேன்!"

"இப்பக் கேட்டுச்சு," என்றார் அம்மாள்.

நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மருமகள் அப்போதுதான் உடைந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டிப்பிடிக்கவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு முன்னால் போய், முதுகை அவளுக்குக் காட்டி, கைப்பையோடு முந்தானையை அகலமாக விரித்துக்கொண்டு நின்றார். அவள் முகம் யாருக்கும் தெரியவில்லை.

"என்ன வேடிக்கை?" என்று எங்கள் எல்லாரையும் பார்த்து அதட்டினார். "மூடற நேரம் ஆச்சு. கிளம்புங்க."

நாங்கள் கிளம்பினோம். இயக்குநர்தான் முதலில் கிளம்பினார்.